வழிப்போக்கனின் பாத்தியதை

மோட்டார் வண்டி வைத்திருக்கும் ஒரு கனவானைப் பார்த்து, "வண்டிக்கு எதற்காக இன்ஷூரன்ஸ் பணம் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டால், அவர் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றைக் கூறுவார். "வண்டி நசுங்கினால் பழுது பார்ப்பதற்காக" என்பது ஒன்று. "போலீஸார் வழிமறித்தால் காட்டுவதற்காக" என்பது மற்றொன்று. இரண்டும் தவறான விடைகள். சர்க்கார் கட்டாயப்படுத்தியிருக்கும் இன்ஷூரன்ஸ் வண்டிக்காக ஏற்பட்டதன்று. வண்டியின் சொந்தக்காரருக்காக ஏற்பட்டதுமன்று. போலீஸாருக்காக ஏற்பட்டதென்பது வெறும் மயக்கம். ரஸ்தாவின் ஓரத்தில் நடந்து போகின்ற, சொந்தக்காரருக்கு முன்பின் தெரியாத, பெயரும் ஊரும் அறியாத ஒரு மனிதனுக்காகவே அது ஏற்பட்டது. இந்த ஒரு விஷயத்தை நமது ஜனங்கள் தெளிவாக உணர்ந்து கொள்ளாததனால் எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நிற்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாக எடுத்துச் சொல்லுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

மூன்றாவது மனிதன் யார்?

இன்ஷூரன்ஸ் என்பது சாதாரணமாக இரண்டு பேருக்குள் ஏற்படும் ஒப்பந்தம். வீட்டுக்குத் தீ இன்ஷூரன்ஸ் செய்தவர் வீடு எரிந்தால் பணம் பெறுகிறார். ஆயுள் இன்ஷூரன்ஸ் செய்தவர் இறந்தால் அவருடைய மனைவி மக்கள் பணம் பெறுகிறார்கள். பணம் கட்டுபவர் ஒரு கட்சி. கம்பெனி இன்னொரு கட்சி. மோட்டார் சட்டம் கட்டாயப்படுத்தும் பாலிஸியின் தன்மையோ வேறு. அதில் பணம் கட்டுபவர் வண்டிக்காரர். பணத்தைக் கொடுப்பது கம்பெனி. பெறுபவரோ இவ்விருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது மனிதர். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை; ஒரு காசும் கட்டவில்லை; அப்படியொரு பாலிஸி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆயினும் அந்தப் பாலிஸியின் பயன் முழுவதும் அவருக்கே உரியது. அதனாலேயே இதை மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்று வழங்குகிறார்கள்.

கம்பெனி இங்கே ஏற்றுக் கொள்வது வண்டியின் விலையை அன்று, வண்டிக்காரரின் ஜவாப்தாரியை. ஒருவன் தன் அஜாக்கிரதையால் பிறனுக்குத் தீங்கு செய்தால் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பது எல்லா நாட்டு தர்மத்துக்கும் பொதுவானது. திருவாரூர் வீதியில் தேர்க்காலில் கன்றைப் பறி கொடுத்த பசு மணியை அசைத்த கதையை நம் நாட்டுக் குழந்தைகளும் அறியும். மனுநீதிச் சோழன் தன் ஜவாப்தாரியைத் தன் மகனைக் கொண்டே தீர்த்தான். இக்காலத்தில் நியாயஸ்தலங்கள் அதைப் பணத்தால் அளக்கின்றன. சொந்தக்காரர் தாமே ஓட்டினாலும் சரி, சம்பளத்துக்கு அமர்த்திய டிரைவர் ஓட்டினாலும் சரி, கேட்டவுடன் இரவல் கொடுத்த வண்டியைச் சிநேகிதர் ஓட்டினாலும் சரி, நஷ்ட ஈட்டு வழக்கு சொந்தக்காரரின் வாசலுக்கே வந்து நிற்கும்.

சட்டம் வந்த வரலாறு

இந்த ஏற்பாடு ஒரு நாளில் உண்டாகிவிடவில்லை. மோட்டார் வண்டிகள் நம் நாட்டுக்கு வந்த ஆரம்ப காலத்தில், வண்டி மோதி இறந்தவனின் மனைவி 1855-ம் வருஷத்திய சட்டமொன்றின் கீழ் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும். வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசியில் டிக்ரி கிடைத்தாலும் பிரதிவாதியிடம் ஜப்தி செய்ய ஒன்றுமில்லையென்றால், அந்த டிக்ரி வெறும் காகிதமே. வண்டியை ஓட்டியவனும் ஏழை, வண்டியால் அடிபட்டவனும் ஏழை என்ற நிலைமையில் நியாயம் யாருக்கும் பயன்படவில்லை.

இங்கிலாந்தில் 1930-ம் வருஷத்திய ரோடு போக்குவரவுச் சட்டம், மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டார் வண்டியும் ரோட்டில் போகக் கூடாதென்று விதித்தது. அதன் பின்னர், நமது நாட்டில் 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயத்தில் இதே தத்துவம் இடம் பெற்றது. இடையில் யுத்தம் வந்தது. கடைசியில் 1946-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதியன்றுதான் அந்த அத்தியாயம் அமுலுக்கு வந்தது. 1956-ம் வருஷத் திருத்தம் இவ்வழக்குகளை விசாரிப்பதற்கென்றே தனி டிரிபியூனல்கள் ஏற்பட வழி செய்தது. சிவில் கோர்ட்டின் நீண்ட நடைமுறையிலிருந்து அடிபட்டவர்கள் விடுபட்டது அதன் பின்புதான்.

ஆதியில் கம்பெனியின் ஜவாப்தாரிக்குச் சில வரம்புகள் இருந்தன. சரக்கு லாரியொன்றினால் ஏற்படும் விபத்துக்கு மொத்தம் 20,000 ரூபாய் வரையில்தான் கம்பெனி கொடுக்க வேண்டுமென்று பழைய சட்டம் கூறிற்று. பின்னர் இவ்வரம்பு சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. 1988-ம் வருஷத்துச் சட்டம் 1989 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தபோது, மரணத்துக்கும் தேக காயத்துக்கும் இருந்த வரம்பு நீங்கிற்று. டிரிபியூனல் எவ்வளவு தீர்மானிக்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கொடுக்க வேண்டுமென்று ஆயிற்று. 2016-ம் வருஷத்தில் பார்லிமெண்டில் கொண்டு வரப்பட்ட திருத்த மசோதாவில், மரணத்துக்கு 10 லக்ஷம், கடுங்காயத்துக்கு 5 லக்ஷம் என்று மறுபடியும் ஒரு வரம்பு தலை காட்டிற்று. நல்ல வேளையாக அந்த ஷரத்து பின்னர் கைவிடப்பட்டது. 2019-ம் வருஷத்தில் நிறைவேறிய திருத்தத்தில் அது இல்லை. பெற்ற உரிமை தானாகவே நிலைத்திருக்கும் என்று பொதுஜனங்கள் கண்ணயர்ந்து விடக் கூடாதென்பதற்கு இதுவே போதிய சான்று.

கணக்கைப் பார்ப்போம்

உரிமை, ஜவாப்தாரி என்று பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 35 வயதுள்ள ஒரு கொத்தனார் மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார் ஆகிய நால்வர் அவரை நம்பியிருக்கிறார்கள். அந்தி நேரத்தில் வேலை முடிந்து நடந்து வரும்போது, வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி அவர் இறந்து போகிறார். அவருடைய குடும்பத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

இது நீதிபதியின் இஷ்டத்துக்கு விடப்பட்ட விஷயமன்று. சுப்ரீம் கோர்ட்டு 2009-ம் வருஷத்திலும் 2017-ம் வருஷத்திலும் அளித்த இரு தீர்ப்புகளில் இதற்கு முறை வகுத்திருக்கிறது. 40 வயதுக்குட்பட்ட, சொந்தத்தில் தொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும். ஆகவே 15,000 ரூபாய் 21,000 ஆகிறது. வருஷத்துக்கு 2,52,000. நால்வர் நம்பியிருந்ததால், இறந்தவரின் சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. முப்பத்தைந்து வயதுக்குரிய பெருக்குத் தொகை 16. இரண்டையும் பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவற்றுக்கான தொகை இதற்கு மேல் தனி.

இனி மற்றொரு கணக்கு. 1-6-2022 முதல் அமுலுக்கு வந்த விகிதப்படி, 75 முதல் 150 ஸி.ஸி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் பிரிமியம், வரி நீங்கலாக, வருஷத்துக்கு 714 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 1,000 முதல் 1,500 ஸி.ஸி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு 3,416 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய் கூட இல்லை. 714 ரூபாயை மிச்சப்படுத்தி விட்டதாக மகிழும் ஒருவர், மேற்சொன்ன முப்பது லக்ஷத்தை அந்த மிச்சத்தைக் கொண்டு கட்ட விரும்பினால் நாலாயிரம் வருஷங்களுக்கு மேல் உயிரோடிருக்க வேண்டும். அவ்வளவு காலம் டிரிபியூனல் காத்திருக்காது. சொந்தக்காரரின் வீடும் நிலமும் ஏலத்துக்கு வரும். அவருடைய குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும். சொந்தக்காரரிடம் வீடும் நிலமும் இல்லையானால், கொத்தனாரின் மனைவி கையில் டிக்ரியோடு நிற்பாள். இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் அழிவதைத் தடுக்க விலை நாளொன்றுக்கு இரண்டு ரூபாயென்றால், அதை அதிகமென்று சொல்லுவோர் யார்?

கம்பெனி தப்பித்துக் கொள்ளுமா?

"பணத்தை வாங்குகிற கம்பெனி, கொடுக்க வேண்டிய சமயத்தில் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லித் தப்பித்துக் கொள்ளும்" என்பது ஜனங்களிடையே பரவியிருக்கும் அபிப்பிராயம். இதில் அநுபவ உண்மை சிறிதும் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றாம் நபர் விஷயத்தில் கம்பெனி சொல்லக்கூடிய காரணங்களைச் சட்டமே எண்ணி வரையறுத்திருக்கிறது. டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லையென்பது போன்ற தகராறு, கம்பெனிக்கும் சொந்தக்காரருக்கும் இடையே உள்ள தகராறு. அதற்காக அடிபட்டவனைப் பட்டினி போடுவது நியாயமன்று. ஆகவே சுப்ரீம் கோர்ட்டு 2004-ம் வருஷத்தில் அளித்த முக்கியமான தீர்ப்பொன்றில், இத்தகைய சந்தர்ப்பங்களில் கம்பெனி முதலில் அடிபட்டவனுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதைச் சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக் கொள்ளும்படி டிரிபியூனல் உத்தரவிடலாமென்று கூறியது. மைனர்ப் பையனிடம் சாவியைக் கொடுத்தனுப்பும் தகப்பன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த பணத்துக்கு அவர்களே கடனாளிகளாவார்கள். 2019-ம் வருஷத் திருத்தம் அவர்களுக்கு மூன்று வருஷம் வரையில் சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வகை செய்திருக்கிறது. நஷ்ட ஈட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் உண்டு. சிறைவாசத்துக்கு இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

அடங்காதவை எவை?

கட்டாய பாலிஸியில் எது அடங்கியிருக்கிறது என்பதைப் போலவே, எது அடங்கவில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இந்த அறியாமையால் விளையும் துன்பமும் சிறியதன்று.

முதலாவது, சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதம் அதில் அடங்காது. அதற்கென்று அதிகப் பணம் கட்டி பாக்கேஜ் பாலிஸி எடுத்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சொந்தக்காரர் தாமே ஓட்டிச் சென்று தம் தவறினால் காயமடைந்தால், அவர் மூன்றாம் நபர் அல்லர். அவருக்கென்று ஏற்பட்ட 15 லக்ஷ ரூபாய் சொந்த விபத்து இன்ஷூரன்ஸ் தனியானது. அது தமக்கு இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது அவசியம்.

மூன்றாவது, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து செல்பவர். ரோட்டில் நடப்பவருக்கு உள்ள பாதுகாப்பு தமக்கும் உண்டென்று இவர் நினைக்கிறார். சட்டத்தின் குறைந்தபட்சத் தேவைக்கென்று மட்டும் எடுத்த பாலிஸி பின்னால் உட்காருபவரைக் காப்பாற்றாது என்று 2006-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. சொந்தக் காரில் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் உறவினர் சிநேகிதர் நிலைமையும் இதுவே. பாக்கேஜ் பாலிஸி இருந்தால் இவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. மனைவியையும் குழந்தையையும் பின்னால் ஏற்றிக் கொண்டு செல்லும் ஒவ்வொருவரும் தம் பாலிஸியை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்ப்பது நலம்.

நான்காவது, நம் கிராமங்களுக்கு மிகவும் முக்கியமானது. கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் குலதெய்வப் பூஜைக்கும் ஊர் ஜனங்களைச் சரக்கு லாரியிலும் டிராக்டர் டிரெயிலரிலும் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்லும் பிரயாணிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஜவாப்தாரியன்று என்று 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு முடிவு கூறியது. சரக்கோடு கூடச் செல்லும் சரக்குச் சொந்தக்காரருக்குச் சட்டத்தில் இடமுண்டு. கல்யாணக் கோஷ்டிக்கு இடமில்லை. வண்டி கவிழ்ந்தால் நாற்பது குடும்பங்களின் நஷ்ட ஈடும் வண்டிக்காரர் ஒருவர் தலையில் விழும். அவரால் அதைச் சுமக்க முடியுமா? முடியாதென்பது ஏறுகிறவர்களுக்கும் தெரியும், ஏற்றுகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏறுகிறோம்.

பாதி வண்டிகளுக்கு இல்லை

2022-ம் வருஷத்தில் இந்தியாவின் ரோடுகளில் 4,61,312 விபத்துக்கள் நடந்தன. அவற்றில் 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில் எல்லா ராஜ்யங்களுக்கும் முன்னால் நின்றது நமது தமிழ்நாடு. இங்கே 64,105 விபத்துக்களில் 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காலால் நடந்து சென்றவர்; நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அதாவது ரோட்டில் சாகிறவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்களல்லர். அன்றாடம் உழைத்து வீட்டுக்கு அரிசி வாங்கிச் செல்கிறவர்கள்.

இந்நிலைமையில், நாட்டில் உள்ள வண்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்பதைச் சர்க்கார் தரப்பிலேயே பல தடவை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். இவற்றுள் மிகுதியானவை இரு சக்கர வண்டிகள். கடையிலிருந்து வண்டி வெளிவரும் போது பாலிஸி இருக்கிறது. தவணை முடிந்ததும் புதுப்பிப்பாரில்லை. கோயம்புத்தூரில் எலும்பு முறிவு வைத்தியத்தில் பெயர் பெற்ற டாக்டர் எஸ். ராஜசேகரன், ரோடு விபத்துக்களைக் குறைக்க நடவடிக்கை வேண்டுமென்று 2012-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் பொது நல மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். அந்த வழக்கில் பிறந்த உத்தரவின் பயனாகவே, 2018 செப்டம்பர் 1-ந் தேதி முதல், புதுக் காருக்கு மூன்று வருஷங்களுக்கும் புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷங்களுக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை முன்கூட்டியே எடுக்க வேண்டுமென்ற விதி ஏற்பட்டது. ஆபரேஷன் மேஜையில் முறிந்த எலும்புகளைச் சேர்த்த ஒரு தமிழர், சட்டத்தில் இருந்த முறிவையும் சேர்க்க முயன்றது பாராட்டத்தக்கது. ஆனால் ஐந்து வருஷம் கழிந்த பிறகு என்ன செய்வது? பழைய வண்டி கை மாறிக் கை மாறிக் கடைசியில் போய்ச் சேருவது, பிரிமியத்தை எல்லோரிலும் பாரமாக உணருகின்ற ஏழையின் கையில்தான்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரையில் சிறை, அல்லது இரண்டும். மறுபடி செய்தால் அபராதம் 4,000. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சம்பந்தப்பட்டால், சொந்தக்காரர் தக்க ஜாமீன் கொடுத்தாலொழிய அதை விடக் கூடாதென்றும், கொடுக்கத் தவறினால் ஏலம் போட்டு அப்பணத்தை டிரிபியூனலில் கட்ட வேண்டுமென்றும் விதி செய்துகொள்ளுமாறு சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் வருஷத்தில் எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆயினும் பத்து வருஷம் ஓடிய பழைய ஸ்கூட்டரை ஏலம் போட்டால் என்ன கிடைக்கும்? முப்பது லக்ஷம் நஷ்ட ஈடு பெற வேண்டிய குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு?

செய்ய வேண்டியது என்ன?

இங்கேதான் சர்க்காரின் கடமை பிறக்கிறது. எந்த வண்டி இடித்ததென்றே தெரியாமல் ஒருவர் இறந்தால், 1-4-2022 முதல் அவருடைய குடும்பத்துக்கு 2 லக்ஷம் ரூபாயும், கடுங்காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கொடுக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. 2025 மே மாதம் முதல், விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாட்களுக்குள் 1,50,000 ரூபாய் வரையில் முன்பணமின்றி வைத்தியம் செய்யும் திட்டமும் ஏற்பட்டிருக்கிறது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் இடித்த வண்டி இன்னதென்று தெரிந்தும், அதற்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்று ஏற்பட்டால், இறந்தவரின் குடும்பம் முழு நஷ்ட ஈட்டுக்குச் சொந்தக்காரரின் சொத்தையே நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. ஒருவன் சட்டத்தை மீறினான் என்பதற்காக மற்றொருவனின் விதவை தண்டனை அநுபவிப்பது எவ்வித நியாயம்?

நமது நாட்டில் கட்டாய இன்ஷூரன்ஸ் அமுலுக்கு வந்த அதே 1946-ம் வருஷத்தில், இங்கிலாந்தில் மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து, சர்க்காருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒரு பொது ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் அடிபட்டவனுக்கு அந்த ஸ்தாபனம் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டுக் குற்றவாளியிடமிருந்து வசூலிக்க முயலுகிறது. அதன் செலவை ஒழுங்காகப் பிரிமியம் கட்டும் எல்லோரும் சிறிது சிறிதாகத் தாங்குகிறார்கள். அந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பாதியை நாம் எடுத்துக் கொண்டோம். மறு பாதியை விட்டுவிட்டோம். விட்ட பாதியே ஏழைக்கு அதிகம் வேண்டியது. 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி ஏற்பட்டிருக்கும் விபத்து நிதியை விரிவாக்கி, முதலில் கொடுத்துப் பின்னர் வசூலிக்கும் முறையை இன்ஷூரன்ஸில்லாத வண்டிகளுக்கும் கொண்டு வர வேண்டுமென்று இந்திய சர்க்காரை வற்புறுத்துகிறோம். அதே சமயத்தில், பழைய இரு சக்கர வண்டி வைத்திருக்கும் கூலிக்காரர் பிரிமியத்தை மாதத் தவணையாகக் கட்ட வழியிருந்தால், தவறுகிறவர்கள் தொகை குறையுமென்றும் நம்புகிறோம்.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் கை கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் பொது வேலையில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு இதில் நிறையத் தொண்டு இருக்கிறது. ஆட்டோ நிற்குமிடத்திலும், தொழிற்சங்கக் கூட்டத்திலும், வாசகசாலையிலும் பாலிஸிகளின் முடிவுத் தேதியைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். ஏஜெண்டு கொடுத்த காகிதம் உண்மையானதுதானா என்பதைச் சர்க்காரின் பரிவாஹன் பதிவேட்டில் வண்டி நம்பரைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். போலிப் பாலிஸிகள் நடமாடுகின்றன. அவற்றுக்குப் பணம் கட்டியவர் கட்டாதவரே ஆவார். வண்டியை விற்றவர் பதிவையும் மாற்றிக் கொடுத்தாலொழிய ஜவாப்தாரி நீங்காது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று 2018-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. வாங்கியவர் பதினாலு நாட்களுக்குள் பாலிஸியைத் தம் பெயருக்கு மாற்றக் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

அடிபட்டவர்கள் பக்கத்திலும் உதவி வேண்டியிருக்கிறது. போலீஸில் விபத்தைப் பதிவு செய்வது, வைத்தியச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது, வருமானத்துக்கு அத்தாட்சி தேடுவது ஆகியவற்றைத் துக்கத்தில் மூழ்கிய குடும்பம் தானாகச் செய்யாது. விபத்து நடந்த இடத்திலோ, தாம் குடியிருக்கும் இடத்திலோ உள்ள டிரிபியூனலில் மனுக் கொடுக்கலாம். டிரைவரின் குற்றத்தை ருசுப்படுத்த முடியாத சந்தர்ப்பங்களிலும், மரணத்துக்கு 5 லக்ஷமும் கடுங்காயத்துக்கு இரண்டரை லக்ஷமும் கோருவதற்கு 2019-ம் வருஷத் திருத்தத்தில் இடமிருக்கிறது. அதே திருத்தம் மனுக் கொடுக்க ஆறு மாத வரம்பையும் விதித்தது. இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்குகள் சென்றிருக்கின்றன. வழக்குகளின் முடிவு எதுவானாலும், காலங்கடத்துவது புத்திசாலித்தனமன்று. ஆஸ்பத்திரி வாசலில் வந்து, வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொண்டு, கிடைக்கும் தொகையில் பங்கு பேசும் தரகர்களிடம் ஏழைகள் சிக்காமல் பார்த்துக் கொள்வதும் ஒரு தேசத் தொண்டே.

ரோடு என்பது எல்லோருக்கும் பொதுவான சொத்து. அதில் யந்திரத்தை ஓட்டுகிறவனுக்கு வேகம் என்ற சௌகரியம் கிடைக்கிறது. நடக்கிறவனுக்குக் கிடைப்பது அந்த வேகத்தினால் வரும் அபாயம். சௌகரியத்தை அநுபவிப்பவன் அபாயத்துக்கு ஈடு வைக்க வேண்டுமென்பதுதான் இச்சட்டத்தின் சாரம். ஆகவே அடுத்த தடவை பாலிஸியைப் புதுப்பிக்கும்போது, வரி கட்டுவதாக எண்ணி முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையாதிருக்க நாம் முன்கூட்டிச் செய்து வைக்கும் ஏற்பாடு அது. நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளை ரோட்டைக் கடக்கும்போது, எதிரே வரும் வண்டிக்காரரும் இதே ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டுமென்று நாம் விரும்புவோமல்லவா? நேயர்கள் இன்று மாலை வீடு திரும்பியதும் தத்தம் பாலிஸியின் கடைசித் தேதியை ஒரு தடவை பார்த்துக் கொள்வார்களென்று நம்புகிறோம்.